தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தீர்களா?



விடியற்காலை ஐந்து மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பெனி பஸ்கள் மேற்கே பறந்து கொண்டிருக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் ஈரத் தலை, தூக்கம் கலையாத கண்கள், மடியில் சாப்பாட்டுப் பை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று அந்தப் பஸ்கள் பிரிந்து போகும். ராமாநுஜர் அவதரித்த தலம் என்று நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக் கொண்ட ஊருக்கு, இன்று பேத்திமார் கைப்பேசி செய்யப் போகிறார்கள்! பக்கத்தில் வல்லம் வடகாலில், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்த பெண்கள் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

என் அண்ணன் மகளும் அப்படி ஒரு பஸ்ஸில் போகிறவள்தான். வயது இருபத்திரண்டு. பெயரும் கம்பெனியும் நமக்கு வேண்டாம். சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கத்திரி வெயில். பெரிய டம்ளரில் மோர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனடி, மோர் புளிக்கிறதா?" என்றேன்.

"இல்லை, அத்தை. குடித்துப் பழக்கம் விட்டுப் போய்விட்டது" என்றாள்.

தண்ணீர் குடிக்கிற பழக்கம் ஒருத்திக்கு விட்டுப் போகுமா? துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"லைனில் உட்கார்ந்துவிட்டால் நினைத்த நேரத்தில் எழுந்திருக்க முடியாது, அத்தை. என் இடத்துக்கு வேறு ஒருத்தி வர வேண்டும். வந்தாலும், மேலங்கியைக் கழற்றி, செருப்பை மாற்றி, பாத்ரூம் போய்த் திரும்பி, மறுபடி எல்லாம் மாட்டிக் கொள்வதற்குள் மேஸ்திரி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயம். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? குடிக்காமலே இருந்துவிட்டால்?"

"அம்மா தினம் பாட்டிலில் நிரப்பிக் கொடுக்கிறாளே?"

"கொடுக்கிறாள். அப்படியே திரும்பி வருகிறது!" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக் கொண்டாள். இரண்டு நாளாக நீர் பிரியும்போது எரிச்சலாம். 'சூடு' என்று அவள் அம்மா வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்தாளாம்.

அன்றிரவு குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. விலாவுக்குக் கீழே முதுகில் கை வைத்தால் துடித்தாள். வாந்தி வேறு. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். "நீர்ப்பையில் இருந்த கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. ரத்தத்தில் கலப்பதற்கு முன் வந்தீர்களே, நல்லதாயிற்று!" என்றார் டாக்டர் அம்மாள். நான்கு நாள் ஊசியும் மருந்துமாகப் படுக்கை. ஒரு நாள்கூட லீவு எடுக்காதவளுக்குக் கிடைக்கும் ஊக்கத் தொகை அந்த மாதம் போயே போய்விட்டது. எந்தப் பார்வைக்குப் பயந்து தண்ணீரை ஒதுக்கினாளோ, அதைவிடப் பெரிய நஷ்டம் வந்து சேர்ந்தது.

இது அவள் ஒருத்தியின் கதையா என்ன? பஸ் பிரயாணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் கொள்ளாத பெண் நம்மில் எத்தனை பேர்? கல்யாண வீட்டில் விருந்தாளி கூட்டத்துக்கு நடுவே, ஜவுளிக் கடையில் புடவை பார்க்கும்போது, எத்தனை நேரம் அடக்கியிருக்கிறோம்! அடக்குவது அடக்கத்தின் லட்சணம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நீர்ப்பைக்கு அது தெரியாது.

நம் உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் பெரும் பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் கழிவோடு வெளியே அனுப்புகின்றன. அந்த நீர் வெளியேறும் பாதை ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு நாலே நாலு. அதனால்தான் வெளியிலுள்ள கிருமி பெண்ணின் நீர்ப்பைக்குச் சுலபமாக ஏறிவிடுகிறது. ஏறிய கிருமியை அவ்வப்போது நீர்தான் அடித்துக் கொண்டு போக வேண்டும். வாசலில் தினம் தண்ணீர் தெளித்துப் பெருக்குகிறோம் அல்லவா, அதே வேலைதான். தெளிக்கத் தண்ணீரும் இல்லாமல், பெருக்காமலும் விட்டால் குப்பை தங்காமல் என்ன செய்யும்?

'இதெல்லாம் பாட்டி வைத்தியம், ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டா?' என்று யாராவது கேட்கலாம். உண்டு. பல்கேரியா தேசத்துத் தலைநகரான ஸோபியாவில் ஒரு சோதனை நடந்தது. 2018-ம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரே வருஷத்தில் மூன்று தடவைக்குக் குறையாமல் நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்ட 140 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லாரும் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காதவர்கள். சீட்டுக் குலுக்குவது போல் அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாரை மட்டும் வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, வெறும் தண்ணீர்! ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், வழக்கம் போல் இருந்தவர்களுக்குச் சராசரி 3.2 தடவை நோய் வந்திருந்தது. தண்ணீர் கூட்டியவர்களுக்கு 1.7 தடவைதான். ஏறக்குறையப் பாதி. கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட வேண்டிய தடவைகளும் அதே போல் குறைந்தன.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில்தான் போரூர். அங்கே ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் டாக்டர் வித்யா வேணுகோபாலும் அவருடன் வேலை செய்கிறவர்களும், வெப்பத்தில் உழைப்பவர்களின் உடல்நிலையைப் பல வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். 2014, 2015-ம் ஆண்டுகளில் மூன்று விதத் தொழில்களில் உள்ள 312 பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 200 பேர் வேலை செய்த இடத்தில் கழிப்பறையே இல்லை, அல்லது இருந்தும் போதவில்லை. அந்த 200 பேரில் நூற்றுக்கு 87 பேர், அடிக்கடி சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் வருவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 87! மீதிப் பேரை விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறதே!

ஒரகடத்துப் புதுக் கம்பெனிகளில் கழிப்பறை பளிங்கு மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். என் அண்ணன் மகளும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் பளிங்குக் கழிப்பறை இருந்து என்ன, போய்வர ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால்? இல்லாத கழிப்பறையும் போக முடியாத கழிப்பறையும் நீர்ப்பைக்கு ஒன்றுதான்.

பெண்களோடு இந்தக் கதை நிற்கவில்லை. இரும்பு வார்க்கும் இடம், டயரை வேகவைக்கும் இடம், பெயிண்ட் உலர்த்தும் அடுப்பு என்று அனல் பறக்கும் இடங்களில் உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் வேலை பார்க்கலாம். அவர்கள் குடிக்கும் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது. மிஞ்சும் சிறுநீர் கெட்டியாகிறது. அதிலுள்ள உப்புக்கள் படிந்து கல்லாகிறது. அதே போரூர் ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்திய உருக்காலைத் தொழிலாளர்கள் 340 பேரை ஆராய்ந்து 2020-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்த 91 பேருக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 27 பேருக்குக் கல்லோ, வேறு சிறுநீரகக் கோளாறோ இருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் அனலில் நின்றவர்களுக்கு அபாயம் அதிகம் என்றும் தெரிந்தது.

கல்லுக்கும் தண்ணீர்தானா மருந்து? வந்த கல்லைக் கரைக்கும் என்று சொல்ல மாட்டேன். மறுபடி வராமல் தடுக்க அதைப் போல் எளிய வழி இல்லை. இத்தாலியில் பார்மா நகரத்து வைத்தியர்கள் முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து வருஷம் கவனித்து, 1996-ம் ஆண்டில் எழுதினார்கள். நிறையத் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு வந்துவிட்டது. அதே ஊர்க்காரர்கள் 2002-ம் ஆண்டில் இன்னொரு விஷயமும் சொன்னார்கள். சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தவர்களைவிட, பால் தயிரை வழக்கம் போல் சாப்பிட்டு உப்பையும் மாமிசத்தையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாக வந்ததாம். ஆகையால், 'கல் வந்துவிட்டது, இனிமேல் பால் வேண்டாம்' என்று வீட்டுக்காரரின் டம்ளரைப் பிடுங்காதீர்கள். ஊறுகாய் ஜாடியையும் அப்பளக் கட்டையும் பிடுங்குங்கள்!

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

எவ்வளவு குடிப்பது என்று அளந்து கொண்டிருக்க வேண்டாம். சிறுநீரின் நிறமே சொல்லிவிடும். வைக்கோல் நிறத்தில் வெளுப்பாக இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறமானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிட, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. மோர், இளநீர் எல்லாம் சேர்த்திதான். காப்பியைக் கணக்கில் காட்டி ஏமாற்ற வேண்டாம்! இருதய நோயோ, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

நீர்க்கடுப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் 'சூடு' என்று தள்ளாமல் சிறுநீரைப் பரிசோதித்துப் பாருங்கள். வெந்தயமும் வாழைத்தண்டும் சாப்பாட்டுக்கு நல்லவை. கிருமியை விரட்ட அவற்றை நம்ப முடியாது. மருந்துக் கடையில் போன தடவை கொடுத்த மாத்திரையையே கேட்டு வாங்குவதும், இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு நிறுத்துவதும் கூடவே கூடாது. அப்படிச் செய்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். குளிர் ஜுரமும் முதுகு வலியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிப் பெண்கள் எரிச்சல் லேசாக இருந்தாலும் தாமதிக்கலாகாது.

இன்னொன்றையும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரே தடவை வந்து நின்றுவிட்டாலும், டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். வலியில்லாத ரத்தம்தான் நீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக் கூடும். அந்த நோய்க்குப் புகையிலை பெரிய காரணம். சாயத் தொழிற்சாலை ரசாயனங்களும் காரணமாகலாம் என்று ஜெர்மனியில் லுத்விக் ரேன் என்ற டாக்டர் 1895-ம் ஆண்டிலேயே கண்டு சொன்னார். பெண்களுக்கு ரத்தம் என்றால் 'மாத விலக்காக இருக்கும்', 'நீர்க்கடுப்பாக இருக்கும்' என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. ஆரம்பத்தில் பார்த்துவிட்டால், வயிற்றைக் கீறாமல் குழாய்க் கருவி வழியாகவே கட்டியை எடுத்துவிட முடிகிறது. பெரும்பாலான சமயம் ரத்தத்துக்குக் காரணம் கிருமியோ கல்லோதான். ஆனாலும் அதை நாமாகத் தீர்மானிக்கக் கூடாது; பரிசோதனை சொல்லட்டும்.

கடைசியாக, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் முதலாளி காட்டும் தயவு அல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அவற்றைக் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடைக் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் சொல்லியது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் குடிநீரும் கழிப்பறையும் முதலாளியின் கடமைதான். ஆகவே கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

என் அண்ணன் மகள் அப்படித்தான் செய்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் எடுத்துக் கொண்டு, கூட வேலை செய்யும் மூன்று பெண்களையும் அழைத்துக் கொண்டு போய், மேலே உள்ள ஓர் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். இப்போது அந்த லைனில் இரண்டு மணிக்கு ஒரு முறை மாற்று ஆள் வருகிறாள். மேஸ்திரி இன்னும் பார்க்கத்தான் பார்க்கிறாராம். "பார்த்துவிட்டுப் போகட்டும், அத்தை!" என்கிறாள்.

சாயந்திரம் பெண் வீடு திரும்பியதும் நாம் முதலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிறோம். ஒரு கவளம் மிச்சம் வைத்திருந்தால் கோபித்துக் கொள்கிறோம். இன்றிலிருந்து பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் கோபிக்காதீர்கள். ஏன் குடிக்கவில்லை என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.