பந்தெறிந்த கையும் பணம் எண்ணிய கையும்

"திறமை இருந்தால் முதலாளி தானாகவே கூலியைக் கூட்டித் தருவார், சங்கம் எதற்கு?" என்று ஆலை வாசலில் உபதேசம் செய்யும் கனவான்கள் உண்டு. அவர்கள் சொர்க்கமென்று போற்றும் அமெரிக்காவிலிருந்தே அவர்களுக்குப் பதில் தருகிறோம்.

அங்கே பேஸ்பால் என்றொரு ஆட்டம். ஒருவர் பந்தை எறிவார். எதிரணிக்காரர் உருட்டுத் தடியால் அடிக்கப் பார்ப்பார். பந்தெறிபவரே அணியின் உயிர்நாடி. அவர்களில் தலைசிறந்தவர் என்று பெயரெடுத்தவர் ஸாண்டி கோஃபாக்ஸ். 1955 முதல் டாட்ஜர்ஸ் அணியில் எறிந்தார். 1965-ல் அவர் தேடித் தந்த வெற்றி 26. சகா டான் டிரைஸ்டேல் தந்தது 23. அவ்வருடப் பந்தயத்தில் அணி பெற்ற 97 வெற்றிகளில் 49 இந்த இருவரின் உழைப்பு!

முதலாளி தானாக அள்ளித் தந்தாரா? இல்லை. 1879-ல் முளைத்த ஒரு ஷரத்து அவர் கையில் இருந்தது. ஒரு கிளப்பில் கையெழுத்திட்டவர், காலம் முடிந்த பிறகும் வேறு கிளப்புக்குப் போக முடியாது. முதலாளியோ அவரை விற்கலாம், மாற்றலாம். கொடுப்பதை வாங்கிக்கொள், இல்லையேல் ஆட்டத்தை விட்டே போ! பேஸ்பால் மாநிலங்களுக்கிடையே நடக்கும் வியாபாரமல்ல, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-ல் சுப்ரீம் கோர்ட்டும் முதலாளிகளுக்குக் குடை பிடித்தது.

1966 தொடக்கத்தில் இருவரும் தனித்தனியே சம்பளம் பேசப் போனார்கள். "அவர் குறைவாகத்தானே கேட்கிறார்" என்றது நிர்வாகம். மற்றவரிடமும் அதே பாட்டு! இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? இருவரும் கூடிப் பேசியதும் குட்டு உடைந்தது. ஒருவரை விட்டு மற்றவர் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். இருவருக்கும் சேர்த்து மூன்று வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள். 32 நாட்கள் பயிற்சிக்குப் போகவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: கோஃபாக்ஸுக்கு 1,25,000, டிரைஸ்டேலுக்கு 1,10,000. ஆனால் ஒரே வருடத்துக்குத்தான்.

"இவ்வளவு வாங்குகிறவனும் தொழிலாளியா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது சாதாரண ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஊதியம் வருடத்துக்கு 6,000 டாலர். உச்சியில் இருந்த கோஃபாக்ஸின் கதியைப் பாருங்கள். இடது முழங்கையில் மூட்டுவாதம். ஊசி போட்டுக்கொண்டு எறிந்தார். ஆட்டம் முடிந்ததும் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார். அந்தக் கையால் 1966-ல் 27 வெற்றி. நவம்பரில், முப்பதே வயதில், கை முடமாகிவிடும் என்று விலகினார். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு முதலாளி ஏன் மறுத்தார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இருவர் சேர்ந்ததால் சம்பளம் உயர்ந்தது, ஷரத்து அசையவில்லை. அதை அசைத்தது சங்கம். அதே 1966-ல் ஆட்டக்காரர்கள், உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1968-ல் முதல் கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்ச ஊதியம் 10,000 ஆயிற்று. 1975-ல் அதே டாட்ஜர்ஸ் அணியில் பந்தெறிந்த ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே வருடம் முழுவதும் ஆடினார். வழக்கைச் சங்கம் நடத்தியது. டிசம்பர் 23-ல் மத்தியஸ்தர் பீட்டர் ஸைட்ஸ், அவர் இனி எவருக்கும் கட்டுப்பட்டவரல்ல என்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் அன்றைக்கே மத்தியஸ்தரை வேலையைவிட்டு நீக்கினார்கள்! கோர்ட்டுக்கு ஓடினார்கள், அங்கும் தோற்றார்கள்.

அப்போதும் அவர்களுக்கு 1966-ன் பயம் தெளியவில்லை. ஆட்டக்காரர்கள் கூட்டாகப் பேரம் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டார்கள். "சரி, நீங்களும் கூடிச் சதி செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கியது சங்கம். 1980-களில் முதலாளிகள் கூடிச் சதி செய்தார்கள், பிடிபட்டார்கள். 1990-ல் 28 கோடி டாலர் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

கனவான்களே, திறமைக்கு மேல் திறமை இருந்தும் கோஃபாக்ஸுக்குத் தானாக எதுவும் கிடைக்கவில்லை. தோழர்களே, நிர்வாகம் உங்களைத் தனியே கூப்பிட்டுப் பக்கத்துத் தறிக்காரரைப் பற்றிப் பேசினால், அந்த இருவர் செய்ததைச் செய்யுங்கள். நேரே அவரிடம் போய்க் கேளுங்கள். பிறகு இருவருமாகச் சங்கத்துக்கு வாருங்கள்!