பழைய ஃபிரிட்ஜ் காஸை எரித்தால் காசு வருமா? மேட்டூர் சொல்லும் பாடம்

குமாரலிங்கபுரமோ அருப்புக்கோட்டையோ, பழைய ஃபிரிட்ஜ் காயலான் கடைக்குப் போனால் அதன் செம்புக் குழாயை வெட்டி எடுப்பார்கள். 'உஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த காஸ் காற்றோடு போய்விடும். செம்புக்கு விலை இருக்கு, காஸுக்கு இல்லை.

போனால் என்ன?

மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பதோடு, பூமியையும் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-12, சுமார் 10 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது, வெறும் 100 கிராம் கசிந்தாலே ஒரு டன் கணக்கு. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 கிலோவுக்குச் சுமார் 1.8 டன்.

தடை இல்லையா?

இருக்கு. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2010 முதல் இந்தியாவில் குளிர்பதனத்துக்காக ஆர்-12 தயாரிப்பதில்லை. ஆனால், ஏற்கெனவே இருக்கும் காஸை அழித்தே ஆகணும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை.

அழிக்கும் செலவு யாருடையது?

இங்கேதான் கார்பன் கிரெடிட் வருகிறது. காஸை சிலிண்டரில் பிடித்து, உயர் வெப்பச் சூளையில் எரித்தால், தடுக்கப்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிரெடிட். அதை வாங்கும் நிறுவனம் தன் புகைக்கு ஈடாகக் கணக்கு காட்டும். கலிஃபோர்னியாவின் கார்பன் சந்தை இதை ஏற்கிறது.

மேட்டூரில் நடந்தது என்ன?

ஆர்-22 தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். மேட்டூர் கெம்பிளாஸ்ட் சன்மார் உள்ளிட்ட இந்திய ஆலைகள், கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் அதை எரிக்கும் திட்டங்களைப் பதிவு செய்தன. உலக அளவில் எரிக்கும் செலவைவிட கிரெடிட் வருமானம் பல மடங்கு இருந்தது. கிரெடிட்டுக்காகவே சில வெளிநாட்டு ஆலைகள் கழிவைக் கூட்டுவதாக 2010-ல் புகார் எழுந்தது. 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது. 2016 அக்டோபரில், சொந்தச் செலவிலேயே எரிக்கணும் என்று ஆலைகளுக்கு இந்திய அரசு உத்தரவிட்டது.

அப்போ இப்போது?

ஆர்-12 விஷயத்தில் அந்த ஆபத்து குறைவு. புதிதாகத் தயாரித்து எரிக்க வழியில்லை. ஆர்-22 அப்படியல்ல. வேறு ரசாயனங்களுக்கு மூலப்பொருளாக இன்னும் உற்பத்தியாகிறது. அதற்கு கிரெடிட் கொடுத்தால், காஸ் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்ற பதிவு கறாராக இருக்கணும். இல்லையென்றால் யாரோ விடும் புகை காகிதத்தில் மட்டும்தான் கழியும்.

இன்னொரு சிக்கல் சேகரிப்பு. ஒரு கிலோ ஆர்-12 சேர்க்க சுமார் பத்து ஃபிரிட்ஜ் வேணும். காஸ் பிடிக்கும் மெஷின், சிலிண்டர், மெக்கானிக்கின் அரை நாள் கூலி என எல்லாமே செலவு. கிரெடிட் பணத்தில் ஒரு பங்கு அவர் கைக்கு வந்தால்தான் காஸ் சூளை வரை போய்ச் சேரும்.