பூட்டின் பெயரும் நுட்பமும்
திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது உருவாகும் வட்டாரத்துக்கே உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. எனினும் அது பெயரைக் காக்குமேயன்றி, பட்டறையில் ஒரு கைவினைஞர் அரத்தால் ராவி ராவிப் பொருத்திய நெம்புகோல் அமைப்பையோ, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் நுட்பத்தையோ காப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்துக்கு மட்டும், அதுவும் வெளியிடுமுன் பதிவு செய்தவருக்கே, அதிகபட்சம் 15 ஆண்டுகள் உரிமை தருகிறது. உள்ளமைப்புக்குத் தனியே காப்புரிமை பெற வேண்டும், அதற்கான செலவோ கூலிக்குப் பூட்டுச் செய்பவரால் தாங்கக்கூடியதன்று. ஆகவே ஒரு பூட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்து, அதே அமைப்பை இயந்திரத்தில் பெருமளவில் செய்து மலிவாக விற்பவர் பெரும்பாலும் சட்டத்தின் பிடிக்குள் வருவதில்லை. மாங்காய்ப் பூட்டு போன்ற தலைமுறைகளின் பொதுச் சொத்தை எவரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் புதிய அமைப்பை, அவர் பெயரையும் சொல்லாமல் பங்கும் கொடாமல் நகலெடுத்து விற்பதோ, சட்டம் கண்டுகொள்ளாவிட்டாலும், திருட்டே. அத்தகைய நகலைத் தெரிந்தே கொள்முதல் செய்யும் கடைக்காரருக்கும் அதில் பங்குண்டு.