குக்கு வித் கோமாளியும் நம்ம ஊர் வட்ஸ்அப்பும்

 

2024 செப்டெம்பர் 29 அன்று விஜய் டிவியில் குக்கு வித் கோமாளி ஐந்தாவது சீசன் முடிந்தது. பிரியங்கா தேஷ்பாண்டே வென்றார். பதுளை டவுனில் இது தெரியாதவர் இருக்க மாட்டார். நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி வந்து அப்போது ஒரு வாரம்தான். தோட்டங்களில் சம்பளப் பேச்சு ஓயவில்லை. புலமைப்பரிசில் வினாக்கள் முன்கூட்டியே வெளியான விஷயத்தில் தரம் 5 பெற்றோர் அப்போது கொதித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் எங்கள் குழுக்களில் இரண்டு வாரமாக ஓடியது மணிமேகலையா பிரியங்காவா என்ற வழக்கு.

பாடம் படிப்பிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பதைப் பற்றி நாங்கள் பேசாவிட்டால் வேறு யாராவது பேசிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இந்த நிகழ்ச்சியை நாங்கள் வெறுத்தவர்கள் இல்லை. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு ஒன்றும் தெரியாத ஒரு கோமாளியைச் சேர்த்து விடுவார்கள். கொத்தமல்லி கேட்டால் புதினா வரும். அந்தத் தடுமாற்றத்தில்தான் சிரிப்பு. வாரம் முழுக்கக் கொழுந்து பறித்து, மழையில் நனைந்து, அட்டைக் கடி வாங்கி வந்த ஒரு தாய், சனி இரவு லயத்துக் காம்பராவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து புகழைப் பார்த்துச் சிரித்தால் அதில் என்ன குறை? பசறையிலும் மடுல்சீமையிலும் கூரைக்குக் கூரை டிஷ் இருப்பது சீரியல் அழுகைக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது சீசன் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா காலம். அதன் இறுதிப் போட்டி 2021 ஏப்ரல் 14 அன்று வந்தது. சித்திரைப் புத்தாண்டு; எங்களுக்கு அதே நாள் ரமழானின் முதல் நோன்பு. ஒரு வீட்டில் பலகாரம், பக்கத்து வீட்டில் நோன்புக் கஞ்சி, இரண்டிலும் பேச்சு ஒன்று. அன்று வென்றவர் கனி. ஆனால் எங்கள் மனதில் நின்றது இரண்டாம் இடம் வந்த ஷகிலா. ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொன்னாலே ஆண்கள் கூட்டம் ஒரு மாதிரிச் சிரிக்கும். அப்படிப்பட்டவரை அந்தக் கோமாளிகள் வாய் நிறைய “அம்மா” என்று கூப்பிட்டார்கள். சில மாதங்களில் எங்கள் பெண்களும் அவரை அப்படியே பார்க்கத் தொடங்கினார்கள். எத்தனை மேடைப் பேச்சுப் பேசியும் வராத மாற்றம் அது. பகிடியால் ஒரு மனிதருக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதை அந்த சீசனில் பார்த்தோம்.

ஐந்தாவது சீசனில் நடந்தது இதற்கு நேர்மாறு.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முன்பு கோமாளியாக இருந்து பிறகு தொகுப்பாளரான மணிமேகலை, 2024 செப்டெம்பர் நடுவில் நிகழ்ச்சியை விட்டு விலகினார். போட்டியாளராக வந்த இன்னொரு தொகுப்பாளர் தன் வேலையில் தலையிடுகிறார், சுயமரியாதைதான் முக்கியம் என்று எழுதினார். அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பிரியங்கா என்று புரிந்துகொண்டார்கள். அவரே இறுதியில் கோப்பையும் வாங்கினார்.

எங்கள் அபிப்பிராயம் இது. பிழையைத் தேட வேண்டிய முதல் இடம் நிகழ்ச்சியின் அமைப்பு. அதே சேனலில் வருடக்கணக்காக மேடையை நடத்திப் பழகிய ஒருவரைப் போட்டியாளராக நிறுத்தி, அவர் முன்னால் இன்னொருவரைத் தொகுக்கச் சொன்னால் உரசல் வராமல் இருக்குமா? பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அதிபரின் பிள்ளை முதலாவதாக வந்தாலே நாலு பேர் முணுமுணுப்பார்கள், அந்தப் பிள்ளை உண்மையாகவே வேகமாக ஓடியிருந்தாலும். பிரியங்கா நன்றாகச் சமைத்தே வென்றிருக்கலாம். அவருடைய வெற்றியில் இந்தச் சந்தேகத்தை ஒட்டவைத்தது சேனல். வெங்கடேஷ் பட் சன் டிவிக்குப் போனதில் இருந்தே பழைய கலகலப்பு பாதி போய்விட்டது. மாதம்பட்டி ரங்கராஜ் பெரிய சமையல்காரர், அதில் சந்தேகம் இல்லை. கோமாளிகளோடு தானும் கோமாளியாகும் குணம் பட்டுக்கு இருந்தது. இறுதிப் போட்டியைப் பார்க்கும்போது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. யார் முகம் எப்படிப் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களை உறுத்துவது சேனல் இல்லை, நாங்கள்தான். படப்பிடிப்பில் என்ன நடந்தது என்று சென்னையில் இருப்பவர்களுக்கே முழுதாகத் தெரியாது. ஆனால் லுணுகலையில் இருந்தும் ஹாலிஎலவில் இருந்தும் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்களின் உடம்பு, கல்யாணம், குடும்பம், எதையும் விட்டு வைக்கவில்லை. பள்ளிவாசல் நிதி சேகரிக்க என்று தொடங்கிய குழுவில்கூட இந்த மீம்ஸ் வந்தது. ஸூரா அல்-ஹுஜுராத்தில் பரிகாசமும் புறம்பேசுதலும் அடுத்தடுத்த வசனங்களில் தடுக்கப்பட்டிருப்பதை மதரஸாவில் சின்ன வயதிலேயே ஓதியவர்கள்தானே நாம்? டிவியில் வருகிற பெண் என்றால் அதற்கு விதிவிலக்கு உண்டு என்று எங்கே படித்தோம்?

வகுப்பில் இது எப்படி இறங்குகிறது தெரியுமா? ஒரு பிள்ளை கொஞ்சம் சத்தமாகப் பேசி வேலையை முன்னெடுத்தால் உடனே அதற்குப் பட்டம், “நீ பிரியங்காடா”. குழுவாகச் செய்யச் சொன்ன ஒரு செயற்பாட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள், இந்தப் பட்டத்தால். கலாய்ப்பது என்ற சொல்லே எங்கள் ஊர்ச் சொல் இல்லை. எங்களிடம் இருந்தது பகிடி. பகிடி விட்டவனும் வாங்கினவனும் சேர்ந்து சிரித்தால்தான் அது பகிடி.

வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் நாட்டிலும் கோமாளிகள் இருந்தார்கள். எழுபதுகளில் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி வந்த நாடகம். 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. ராம்தாஸ் மரிக்காராக வந்து எங்கள் முஸ்லிம் தமிழ் பேசினார். எங்கள் பி. எச். அப்துல் ஹமீட் ஐயராக நடித்தார். ராஜகோபால் அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். செல்வசேகரன் உபாலி, சிங்களம் கலந்த தமிழ். ஒரு இந்து மரிக்காராகவும் ஒரு முஸ்லிம் ஐயராகவும் நடித்து நாடே சிரித்தது. மரிக்காரைக் கேட்டு அதிகம் சிரித்தவர்கள் எங்கள் வாப்பாமார்தான். இன்று யாராவது அப்படி நடித்தால் அன்று இரவே எத்தனை முறைப்பாடு, எத்தனை லைவ் வீடியோ வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அந்த நால்வரில் மலையகத் தோட்டத்துக் குரல் இல்லை. நமுனுகலையில் கங்காணி பேசுகிற பேச்சு, பெரிய டீச்சரம்மாவைக் கூப்பிடுகிற விதம், பதுளை பஜாரில் நானாமார் கடையில் தமிழும் சிங்களமும் கலந்து பேரம் பேசுகிற ருசி, இதெல்லாம் இன்னும் யாரும் மேடை ஏற்றாமல் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகள் சென்னைப் பேச்சை அப்படியே பேசிக் காட்டுகிறார்கள். தங்கள் பாட்டியின் பேச்சைப் பேசிக் காட்டச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து வருட இறுதி நிகழ்வுக்கு அரை மணி நேரப் பகிடி நாடகம் ஒன்று போட யோசிக்கிறோம். ஒரு தோட்டத்துப் பிள்ளை முதலாளி நானாவாகவும், ஒரு முஸ்லிம் பிள்ளை கங்காணி ஐயாவாகவும் நடிக்க வேண்டும். மற்றவர் பேச்சைப் பழக இரண்டு பிள்ளைகளும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய் வர வேண்டியிருக்கும், அதற்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. பழைய ‘கோமாளிகள்’ ஒலிநாடா யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். கெசட் பிளேயரும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஓடவில்லை.