மூடியைத் திறக்காதீர்கள்

அட்டாளைச்சேனையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மாம்பழமும் வரும், விருந்தாளிகளும் வருவார்கள். 2023 முதல் 2025 வரை ஹஜ்ஜுப் பெருநாளும் ஜூன் மாதத்திலேயே வந்தது. வெளியே அனல், குசினிக்குள் அதைவிட அனல்.

கடந்த பெருநாளுக்கு மாமா கத்தாரிலிருந்து வந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம்தான் அவருக்கு லீவு. மகளுக்குத்தான் வீடு என்பது எங்கள் பகுதி வழக்கமல்லவா, உம்மம்மாவின் வளவு இப்போது உம்மாவுடையது. ஆகவே எல்லோரும் கூடுவது எங்கள் வீட்டில். அஸருக்குப் பிறகு விறாந்தை நிறைந்துவிட்டது. உம்மா மாம்பழமும் அன்னாசியும் போட்டு இனிப்புச் செய்யப் போனார். கேஸ் அடுப்பு, மெல்லிய சட்டி. அகப்பையை எடுத்தால் அடிபிடிக்கும். விறாந்தையில் மாமா தோஹாவில் வழி தவறிய கதையைச் சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னவாம்? என்னத்துக்குச் சிரிக்காங்க?" என்று உம்மா கேட்பார். நான் ஓடிப்போய்த் துண்டு துண்டாகக் கேட்டு வந்து சொல்வேன். உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மாமா மஃரிபுக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதா? உங்கள் வீட்டையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தம்பியைப் பார்க்க இரண்டு வருடம் காத்திருந்த ராத்தாவுக்கு அந்தக் கூட்டத்தில் இருக்க இடமில்லை. விருந்துக்கு ஓர் இனிப்பைத் தெரிவு செய்யும்போது ருசியை மட்டும் பார்த்தால் போதாது. இது ஆளை அடுப்படியில் பிடித்து வைக்குமா, விடுமா என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. தொதலை நான் குறை சொல்லவில்லை. பெரிய தாச்சியைச் சுற்றி நாலு பேர் மாறி மாறிக் கிண்டும்போது அதுவே ஒரு கூட்டம். ஒருத்தி தனியாக நின்று கிண்டுவதைத்தான் சொல்கிறேன்.

மாமா கொண்டுவந்த ஸ்லோ குக்கர் பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே இருந்தது. அடுத்த வாரம் அவரை வழியனுப்பும் கூட்டத்துக்கு நான் அதை இறக்கினேன். செய்முறை இவ்வளவுதான். ஆறு விலாட் மாம்பழம், நன்றாகக் கனியாத செங்காயாக இருந்தால் கரையாது. ஒரு அன்னாசி. இரண்டையும் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, துருவிய கித்துள் கருப்பட்டி 200 கிராம், ஒரு துண்டு கறுவா, இரண்டு ஏலக்காய், ஒரு பிடி பிளம்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் வேண்டாம், பழமே சாறு விடும். குறைந்த சூட்டில் மூன்று மணித்தியாலம். இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சேர்ந்த ஆவி போய்விடும், மறுபடி சூடேற நேரம் எடுக்கும். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். பரிமாறும்போது குளிர்ந்த முதற்பாலும் வறுத்த கஜுவும் மேலே போட்டால் போதும். டின்பால் ஊற்றுபவர்களுக்கு ஒரு உயிரியல் குறிப்பு: பச்சை அன்னாசியிலுள்ள புரோமெலயின் என்ற நொதியம் பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். வெந்த அன்னாசியில் அந்த நொதியம் வேலை செய்யாது.

எங்கள் குக்கரின் அடியில் 200 வாற்று என்று எழுதியிருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு யுனிட்கூட ஆகாது. அது இல்லாதவர்கள் ரைஸ் குக்கரில் வைக்கலாம். ஆனால் தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால்தான் அதன் ஆழி தானாக மேலே எழும்பும், சாறு இருக்கும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அரைக் கோப்பை தண்ணீர் சேர்த்து, கொதித்ததும் நாமே 'வோர்ம்' நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

"மெஷின் சமைக்குது, பொம்புள வாசல்ல இருந்து கதைக்கா" என்று சாச்சி கேலி செய்தார். உம்மம்மாதான் பதில் சொன்னார்: "நாங்க உமித் தணலுக்குள்ள சட்டிய வெச்சிட்டு நெல்லுக் காயப்போடப் போவம். அது தன்பாட்டுல வேகும். அப்ப யாரும் எங்களச் சோம்பேறி எண்டு சொல்லல்ல." 2022இல் கேஸ் இல்லாமல் மின்சாரமும் மணிக்கணக்கில் போனபோது அந்தத் தணலைத்தான் நாங்களும் தேடினோம். இந்தச் சட்டியே ஒரு தாய் சொன்ன கதையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் இர்விங் நக்சன் என்ற யூதர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை சட்டியைப் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் ஓய்வு நாளில் எடுத்து உண்பார்களாம். தாய் சொன்ன அந்தப் பழைய பழக்கத்தைத்தான் அவர் மின்சாரத்துக்கு மாற்றினார். மெதுவான சூடு வெளிநாட்டு நாகரிகம் என்று எண்ணுபவர்களுக்காகச் சொல்கிறேன்.

அன்று உம்மா பன்பாயில் வந்து உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை மடித்து மடித்து விரித்தார். இரண்டு முறை எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தார். "உம்மா, மூடியைத் திறக்காதீங்க" என்று நான் சத்தம் போட்டேன். அன்னாசி கொஞ்சம் கூடுதலாகவே குழைந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மாமா தோஹாவில் வழி தவறிய கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அது முடியும்வரை உம்மா எழும்பவில்லை.