எரிமலையை விட எங்க வீட்டு ஆட்டுரல் மேல்!



பிப்ரவரி பிறந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தெர்மாகோல் தூள் பறக்கும். பெவிகால் வாடை அடிக்கும். 28-ம் தேதி தேசிய அறிவியல் தினம். 1928-ல் அந்த நாளில்தான் சர் சி.வி.ராமன் 'ராமன் விளைவை'க் கண்டறிந்தார். அதையொட்டிப் பள்ளிகளில் கண்காட்சி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாக்களுக்கோ ராத்தூக்கம் போச்சு!

நானும் அந்த வேலை பார்த்தவள்தான். என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது, ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்து எரிமலை செய்து கொடுத்தேன். உள்ளே சமையல் சோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். நுரை பொங்கி வழிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாம் பரிசு கூடக் கிடைத்தது. பார்க்க வந்த ஒரு பெரியவர் மட்டும், "ஏம்மா, நிஜ எரிமலைக்குள்ளேயும் சோடா உப்புதான் இருக்குமா?" என்று சாதாரணமாகக் கேட்டு விட்டார். என் மகள் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் தெரியாதே!

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டெங்கு வந்தது. எதிர் வீட்டுப் பையனை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் எல்லோருமே அரண்டு போனோம். "சாக்கடையை அள்ளாததுதான் காரணம்" என்று தெருவே கூடிப் பேசினோம். நகராட்சி ஆட்கள் தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்ற வந்தபோது மட்டும், "குடிக்கிற தண்ணியில ஊத்தாதீங்க"ன்னு சண்டை போட்டு அனுப்பியதும் நாங்களேதான்.

அந்தச் சமயத்தில் என் மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும், "இந்த வருஷம் கொசுதான் எங்க புராஜெக்ட்" என்றார்கள். அறிவியல் டீச்சரும் சரி என்று சொல்லி விட்டாராம். "கொசுவை வச்சு என்னடி கண்காட்சி?" என்று நான் சிரித்தேன். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போவார்கள் என்று பார்த்தால், நேராக எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்தார்கள். மிக்ஸி, கிரைண்டர் வந்த பிறகு சும்மா கிடக்கிற ஆட்டுரல் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதிலே நெளிந்தன பாருங்கள், கொசுப்புழுக்கள்! "அம்மா, முதல் கேஸ் நம்ம வீடுதான்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லையாம். நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டை இடுமாம். டிரம், சிமென்ட் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு என்று ஒன்றையும் விடாது. கடிப்பதும் பகல் நேரத்தில்தான்.

பிள்ளைகள் அந்தப் புழுக்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டி வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டினார்கள். பக்கத்து வீட்டு அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்து விட்டு, "ஏத்தா, இது ஏன் தலைகீழாத் தொங்குது?" என்று கேட்டார். "அதுக்கு மூக்கு வால் பக்கம் இருக்கு அப்பத்தா. வாலை மேலே நீட்டித்தான் மூச்சு விடும்" என்றாள் என் மகள். சோடா உப்புக் கேள்விக்குத் திருதிருவென்று விழித்த அதே பெண்!

மார்கழி வந்ததும் இன்னொன்று செய்தார்கள். தெருமுனையில் நாலு கட்டம் போட்டு ஒரு கோலம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நாலு பருவமும் அதில் இருந்தன. கொசுவின் காலுக்குக் கரித்தூள். அதன் மேல் வெள்ளை மாவால் பட்டை பட்டையாகக் கோடு. ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் அடையாளம். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டு, பத்து நாள் ஆகும் என்பதால் கீழே, "ஞாயிறுதோறும் தேய்த்துக் கழுவுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். தண்ணீரைக் கொட்டி விட்டால் மட்டும் போதாதாம். முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்து விடுமாம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தும் எனக்கு இது தெரியாது.

"தண்ணி வர்றதே அஞ்சு நாளைக்கு ஒரு தடவை. பிடிச்சு வைக்காம என்ன செய்ய?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதானே? "பிடிச்சு வைங்கக்கா, மூடி வைங்க" என்று சொல்லி, பழைய நூல் சேலைத் துண்டை டிரம் வாயில் கட்டிக் காட்டினார்கள் பிள்ளைகள். இன்று எங்கள் தெருவில் சேலைத்துணி கட்டாத டிரம்மைப் பார்ப்பது அரிது. அதோடு காய்ச்சலே ஒழிந்து போனது என்று கதை விட மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி தேய்க்கிற சத்தம் இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறது.

கண்காட்சியில் பரிசு கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. கடையில் வாங்கி வந்து லைட் எரியவிட்ட ராக்கெட்டுக்குத்தான் முதல் பரிசு. "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், பளிச்சுனு ஏதாவது செய்யுங்கன்னு" என்றார் என் கணவர். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த ராக்கெட் மறுநாளே பரண் மேல் ஏறியிருக்கும். கொசு பாட்டில் ஒரு தெருவின் பழக்கத்தையே மாற்றி விட்டதே!

1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதே முறையை ஒவ்வொரு பள்ளிக் கண்காட்சியிலும் ஏன் கொண்டு வரக் கூடாது?

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. கண்காட்சியை வேலை நாளில், பூட்டிய கேட்டுக்குள் நடத்தாமல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள்; அக்கம்பக்கத்து ஜனங்களையும் உள்ளே விடுங்கள். பரிசு கொடுக்கும் முன் பிள்ளை சொன்னது அப்பத்தாவுக்குப் புரிந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மாக்களுக்கு ஒன்றே ஒன்று. கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்! பிள்ளை ஒட்டுவது கோணலாக இருந்தால் இருக்கட்டும். துணைக்கு நில்லுங்கள், புழு வளர்த்தால் கொசுவாகும் முன் காய்ந்த தரையில் கொட்டி விடச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக் கொள்வார்கள்.

அப்படியே, உங்கள் வீட்டு ஆட்டுரலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்து விடுங்களேன்!

— ஓர் இல்லத்தரசி, விருதுநகர் மாவட்டம்.