தள்ளிக்கொண்டு வந்தவன்



தாம்பரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர், போன மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில், பெரியவர் ஒருவர் துணையோடு பரங்கிமலைக்குச் சைக்கிளில் போனார்கள். சுமார் 300 அடி உயரமுள்ள சின்ன மலைதான். ஆனால், மேலே போகும் சாலையில் மூச்சு முட்டும்! மூன்று பேரிடம் கியர் சைக்கிள். நான்காமவனிடம் அவன் அண்ணன் ஓட்டிய பழைய, கனத்த சைக்கிள். பாதி ஏற்றத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டே வந்தான். மேலே நின்று மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூவரும், "தள்ளுவண்டி வருதுடா!" என்று சிரித்தார்களாம்.

அன்றிலிருந்து அவன் சைக்கிளைத் தொடவே இல்லை.

"நாங்க வேகமா போனது தப்பா சார்?" என்று என்னிடம் கேட்டார்கள். வேகமாகப் போனது தப்பில்லை. ஒன்றாகக் கிளம்பிவிட்டு ஒருவனை விட்டுப் போனதுதான் தப்பு என்பது என் கட்சி.

சமதளத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனால், முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்குச் சிரமம் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் இந்த உதவி அவ்வளவாகக் கிடைக்காது. அங்கே வேகம் குறைவு. காற்றைவிட நம் எடையும் சைக்கிளின் எடையும்தான் எதிரி. சின்ன கியர் இருந்தால் காலுக்குப் பாரம் குறையும். அது இல்லாதவனைப் பார்த்துச் சிரிப்பது, செருப்பில்லாதவனை முள்ளுக்காட்டில் ஓடவிட்டு ஜெயிப்பது மாதிரி.

அப்படியானால் மலையில் கூட்டாளி எதற்கு? மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' சைக்கிள் பயணத்தில் பேர்போன ஏற்றம் அது. இறங்கித் தள்ளுபவர்கள் அங்கேயும் உண்டு. தனியாக ஏறுகிறவனுக்கு 36 என்ற எண்ணே பயம் காட்டும். பக்கத்தில் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "அடுத்த வளைவு வரைக்கும் வாடா" என்று கூடவே மிதித்தால், பயம் ஒரு வளைவாகச் சுருங்கிவிடும். உங்களுக்காக வேறு யாரும் மிதிக்க முடியாது. ஆனால் கூட வர முடியும்.

1934-ல் நடந்த 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் ரெனே வியெட்டோ என்ற 20 வயது இளைஞர், மலையேற்றத்தில் சூரர். பிரனீஸ் மலையில் அணித்தலைவர் ஆன்டனின் மாஞ்சின் சக்கரம் பழுதானபோது, தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் தலைவருக்கு மறுபடியும் சிக்கல். முன்னால் போய்க்கொண்டிருந்த வியெட்டோ திரும்பி வந்து தன் சைக்கிளையே கொடுத்தார். மாஞ் போட்டியில் வென்றார். வியெட்டோவுக்கு ஐந்தாம் இடம். அவர் அழுததை நான் மறைக்க மாட்டேன். விட்டுக்கொடுத்தால் வலிக்கத்தான் செய்யும்.

நம் மூவரிடம் நான் சக்கரமெல்லாம் கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு அந்தக் கனத்த சைக்கிளை நாலு பேரும் முறைவைத்து ஓட்டிப் பாருங்கள்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அவன் வீட்டுக்கு அழைக்கப் போயிருக்கிறார்கள். இதை எழுதி முடிக்கும்வரை யாரும் திரும்பி வரவில்லை.